ஐராவதி சகோதர சபையின் சட்ட ஆலோசகர்

திருவள்ளூர் வக்கீல் ஸம்பத்குமாருக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது அவர் காதுபடச் சட்டத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால், அதைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. கல்யாணப் பந்தி, பஸ், சலூன், பெருமாள் கோயில் தீர்த்த வரிசை, எங்கே ஆனாலும் சரி, அவருடைய வாய் தானாகத் திறந்துகொள்ளும். இதற்கெல்லாம் அவர் ஃபீஸ் கேட்டதும் கிடையாது. கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர், கை நீட்டினவருக்குத் தீர்த்தம் கொடுத்தே பழகின பரம்பரை. "யாரும் கேக்காமலே பதில் சொல்ற ஒரே வக்கீல் லோகத்துல நீங்கதான்" என்று அவர் மனைவி அலர்மேல்மங்கை சொல்வாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

இந்த வியாதியை யாரோ மோப்பம் பிடித்திருக்க வேண்டும். அறுபத்தாறாம் வருஷம் ஒரு நாள் ஐராவதி தமிழர் சகோதர சபை அவரைத் தேடி வந்தது.

அவர் கோர்ட் கேன்டீனில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிர் பெஞ்சில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். சித்திரை வெயிலில் இருவரும் சட்டைக்கு மேல் நீலச் சாட்டின் பட்டையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். கனத்த சரீரம் உள்ளவர் ஆதிநாராயணன், சபையின் மூத்த சகோதரர். ஒல்லியாக, கையில் பேனாவோடு இருந்தவர் துளசிராமன், எழுத்துச் சகோதரர். ஆதிநாராயணன் தமக்குள் பேசிக்கொள்கிறவர் மாதிரி, "கவர்மென்ட் மேல நாளைக்கே கேஸ் போட்டுட வேண்டியதுதான்" என்றார்.

"முடியாது. முதல்ல நோட்டீஸ் கொடுக்கணும். ரெண்டு மாசம் காத்திருக்கணும்" என்றார் ஸம்பத்குமார்.

அவ்வளவுதான். இருவரும் எழுந்து நின்றார்கள். மூத்த சகோதரர் அவர் கையைப் பிடித்துக் கட்டைவிரலை ஒரு மாதிரி முறுக்கிவிட்டார். எழுத்துச் சகோதரர், "முதல் கருத்து வழங்கப்பட்டது. சட்ட ஆலோசகர் பொறுப்பேற்றார்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஸம்பத்குமாருக்கு விரல் வலித்தது, விஷயம் புரியவில்லை. சபையின் விதிப்படி, நியமிக்கப்பட்டவர் அந்தக் கூட்டம் முடிவதற்குள் தம் பதவிக்கு உரிய முதல் வேலையைச் செய்துவிட்டால் பதவியை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். அவரைக் காலையிலேயே கும்மிடிப்பூண்டியில் கூட்டம் போட்டு நியமித்துவிட்டு, கூட்டத்தை முடிக்காமலே பஸ் ஏறியிருந்தார்கள். கும்மிடிப்பூண்டிக்குக் கிட்டத்தில் பொன்னேரியிலேயே வக்கீல்கள் இருக்கிறார்களே என்று அவர் கேட்டதற்கு, அவர்களெல்லாம் கொஞ்சம் விவரமானவர்கள் என்று துளசிராமன் பதில் சொன்னார்.

இந்தச் சபையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரங்கூனில் பிழைத்த தமிழர்கள் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருக்க ஆரம்பித்தது. ஆரம்பித்தவர்களுக்கு விதிகள் எழுதத் தெரியவில்லை. ரங்கூனில் பியானோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒரு ஹங்கேரிக்காரரிடம் ஒரு புஸ்தகம் இருந்தது. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஹங்கேரிக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருந்த சகோதர சங்கத்தின் விதிப் புஸ்தகம். அதை வாங்கி, ஹங்கேரி என்று வந்த இடத்திலெல்லாம் தமிழ் என்றும், அவர்கள் ஊர் நதி டான்யூப் என்று வந்த இடத்திலெல்லாம் பர்மா நதி ஐராவதி என்றும் மாற்றிக்கொண்டார்கள். மற்றதை ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. அதனால் கடும் பனி பொழிந்தால் மட்டுமே கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்பது இன்றுவரை விதி. ஒரு ஐப்பசிப் புயலில் கும்மிடிப்பூண்டிக் கொட்டகையின் கூரை பறந்துபோனபோது, பறந்தது பனியால் அல்ல என்பதால், சகோதரர்கள் கொட்டும் மழையில் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலை முடித்தார்கள். மூன்று பேருக்கு நிமோனியா வந்தது.

பர்மாவில் ராணுவம் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு தமிழர்களைக் கப்பலேற்றியபோது, துறைமுகத்தில் தாலி முதற்கொண்டு கழற்றி வாங்கினார்கள். நீலப் பட்டையை மட்டும் சோதனை போட்டவன் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கடையும் வீடும் போய், கும்மிடிப்பூண்டி முகாமில் தகரத்துக்கும் ஓலைக்கும் அலைந்தவர்களிடம் அந்த ஒரு பட்டைதான் மிச்சம். அதை மாட்டிக்கொண்டு நின்றால் அவர்கள் பழைய மனிதர்களாகத் தெரிந்தார்கள். ஸம்பத்குமாருக்கு இது புரிந்ததால்தான் அவர் ஆரம்பத்தில் கோபப்படவில்லை. பிறகு கோபப்பட நேரமில்லாமல் போயிற்று.

ஏனென்றால் வேலை அப்படி. சாவு ஊர்வலத்தில் பட்டை போட்டவர் முன்னால் போக வேண்டுமா, பாடை முன்னால் போக வேண்டுமா என்று சட்டக் கருத்துக் கேட்பார்கள். பட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்துச் சாயம் போக்கிவிட்ட சலவைக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்வார்கள். ஞாயிறு தோறும் அவர் பெரியபாளையம் வழி பஸ் பிடித்து, ஆடி மாதமானால் அம்மன் கோயிலுக்குப் போகிற வேப்பிலைக் கூட்டத்தில் நசுங்கி, கும்மிடிப்பூண்டி போவார். போய்ச் சபைக்கு வெளியே உட்காருவார். அவர் ரங்கூன்காரர் இல்லை, உறுப்பினர் ஆக முடியாது, ஆகவே உள்ளே விடமாட்டார்கள். ஓலைச் சுவருக்கு இந்தப்புறம் இருந்துகொண்டு உள்ளே கேட்கிற சந்தேகத்துக்கு உரக்கப் பதில் சொல்ல வேண்டும்.

வெளியே அவருக்குத் துணை சடையப்பன், வாசல் சகோதரர். ரங்கூனில் மர மில்லில் வேலை பார்த்த முரட்டு ஆள், கையில் சபையின் பூண் போட்ட தடி. கதவருகே ஒரு பனங்கட்டை கிடந்தது, அதில் இரண்டு பேர் உட்காரலாம்.

வாசலில்தான் பெரிய சிக்கலே இருந்தது. உள்ளே வருகிற ஒவ்வொரு சகோதரரும் வாசல் சகோதரரின் காதில் ரகசிய வார்த்தையைச் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குக் கதவு திறக்கக் கூடாது. வார்த்தையை நிர்ணயிக்கிறவர் சாவிச் சகோதரர் என்று ஒருவர். அவர் பெயர் அப்துல் வஹாப். பழைய வார்த்தை காலாவதியாகி, புது வார்த்தையை அவர் மனதில் வைத்திருந்த வாரத்தில்தான் எல்லோரும் கப்பலேறினார்கள். அவர் ஏறவில்லை, ரங்கூனிலேயே தங்கிவிட்டார். ஆகவே கும்மிடிப்பூண்டி சபையில் ஒருவருக்கும் வார்த்தை தெரியாது. மூத்த சகோதரரே வந்து நின்றாலும் சடையப்பன் தடியைக் குறுக்கே நீட்டுவார். மூத்த சகோதரர் அவருடைய கடமையுணர்ச்சியைப் பாராட்டிவிட்டு, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய், பின்பக்கம் ஓலை பிய்ந்த ஓட்டை வழியாகக் குனிந்து நுழைவார். மற்ற சகோதரர்களும் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நுழைவார்கள். சடையப்பன் வாசலை விட்டு நகரக் கூடாது என்பதால், அவர் மட்டும் அந்தக் கொட்டகையின் உட்புறத்தைப் பார்த்ததே கிடையாது.

இப்படி ஓட்டை வழியாக நுழைந்து நடத்துகிற கூட்டம் முறையான கூட்டமா என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்து, பொன்னேரி முன்சீப் கோர்ட்டில் மனுப் போடுவதென்று முடிவாயிற்று. தற்காலிகமாக ஒரு ரகசிய வார்த்தையைக் கோர்ட் நிர்ணயிக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஸம்பத்குமார் கூச்சத்தோடு எழுந்து நின்றார். முன்பு இருந்த வார்த்தை என்ன என்று முன்சீப் கேட்டார். தமக்குத் தெரியாது, தாம் உறுப்பினர் இல்லை என்றார் ஸம்பத்குமார். ஆதிநாராயணனைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் பட்டையைச் சரிசெய்துகொண்டு, "கோர்ட்டார் ரங்கூன்ல பொறந்திருந்தா காதுல சொல்லலாம். இல்லேன்னா உசுரு போனாலும் சொல்றதுக்கில்ல. சத்தியம் செய்ஞ்சிருக்கோம்" என்றார். முன்சீப் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். வழக்கு வருஷக்கணக்கில் ஒத்திப்போயிற்று. மூன்றாவதாக வந்த முன்சீப், கதவு திறந்துவிடுவது கோர்ட்டின் வேலை அல்ல என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்தார்.

எழுபத்துநான்கில்தான் ஸம்பத்குமாருக்கு விடிவு வருகிற மாதிரி இருந்தது. கும்மிடிப்பூண்டியில் வரிசையாக ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் சட்ட அதிகாரி வேலை காலி. மாதம் பிறந்தால் சம்பளம், ஆலையிலேயே வீடு, மத்தியானம் சாப்பாடு. கோயில் பிரசாதத்தையும் கட்சிக்காரர் கொண்டுவரும் வாழைத்தாரையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திய அலர்மேல்மங்கை, விண்ணப்பத்தில் நன்றாக நாலு விஷயம் எழுதச் சொன்னாள். எழுத வேறொன்றும் இல்லாததால் அவர், ஐராவதி தமிழர் சகோதர சபையின் சட்ட ஆலோசகர் என்று எழுதினார். அதைப் பார்த்துத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். அதைப் பார்த்துத்தான், அந்தப் பொறுப்பிலிருந்து விலகியதற்குச் சபையின் சான்றிதழ் வேண்டும் என்றும் சொன்னார்கள். வரும் திங்கட்கிழமைக்குள் கொண்டுவராவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார்.

அவர் அன்றைக்கே கும்மிடிப்பூண்டிக்கு ஓடினார். ஆதிநாராயணன் அவரை அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற கடையில் உட்காரவைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பொறுப்பிலிருந்து ஒருவரை விடுவிக்க முறையான கூட்டம் வேண்டும். முறையான கூட்டத்துக்கு வாசல் வழியாக வர வேண்டும். வாசலுக்கு வார்த்தை வேண்டும்.

என்னை நியமித்தபோது மட்டும் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்று ஸம்பத்குமார் கேட்டார்.

"சேக்கறது நல்ல காரியம் சார். நல்ல காரியத்துக்கு நாங்க விதி பாக்கறதில்ல. அனுப்பறது துக்கமான காரியம். அதுக்கு விதி பாக்காம செய்ஞ்சா நல்லாவா இருக்கும்?" என்ற ஆதிநாராயணனின் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது. "சகோதரத்துவம்னா இன்னா? எல்லாரும் சமம். அதுக்காகத்தான் எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருக்காங்க. ஒரு சமமானவன அவ்ளோ சுளுவா உட்டுடுவமா?"

ஸம்பத்குமார் எழுந்து வந்து பனங்கட்டையில் உட்கார்ந்தார். ஓலைச் சுவருக்கு அப்பால் ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது. சடையப்பன் அவரைப் பார்க்காமல், "பழவேற்காட்டுல ஒரு பாய் வந்துகீறாராம். ரங்கூன்லேர்ந்து. பேரு வஹாபுன்னு பஸ்ல பேசிக்கினாங்க" என்றார்.

அப்துல் வஹாப் பழவேற்காட்டில் தம் மகள் நசீம் பானு வீட்டில், ஏரிக்காற்று வருகிற பக்கமாகப் படுத்திருந்தார். மெலிந்து, இருமிக்கொண்டிருந்த கிழவர். ஸம்பத்குமார் தம் கதையைச் சொல்லி முடித்தபோது அவர் சிரிக்கவில்லை. "பத்து வருஷமா அந்த வார்த்தைய நெஞ்சுல வச்சுக்கிட்டிருக்கேன் தம்பி. ரங்கூன்ல சொல்றதுக்கு ஆளில்ல. இங்க வந்தா கேக்கறதுக்கு ஆளில்லன்னு நெனச்சேன்" என்றார். ஸம்பத்குமாரிடம் சொல்ல மட்டும் மறுத்துவிட்டார், நல்ல மனிதர்தான், ஆனாலும் சத்தியம் சத்தியம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் திருவிழாவாக இருந்தது. பின்பக்கத்து ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். சகோதரர்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். கிழவர் முதலில் சடையப்பனின் காதில் வார்த்தையைச் சொன்னார். அந்த முரட்டு ஆள் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு வரிசையில் ஒவ்வொருவருக்கும் கிழவர் சொல்ல, ஒவ்வொருவரும் அதைச் சடையப்பனிடம் திருப்பிச் சொல்லி, நிமிர்ந்து, குனியாமல், வாசல் வழியாக உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வெளியே வழக்கம்போல் இரண்டு பேர்.

உள்ளே ஆதிநாராயணன் பேசினார். பத்து வருஷமாகச் சபை எவ்வளவு கட்டுக்கோப்பாக நடந்தது என்பதற்கு, அதற்குள் ஒருவரையும் முறையாக விடாததே சாட்சி என்றார். பிறகு, இதுவரை எடுத்த தீர்மானங்களின் கதி என்ன என்று சட்ட ஆலோசகரின் கருத்தைக் கேட்டார்.

இதற்காகத்தான் ஸம்பத்குமார் காத்திருந்தார். எழுந்து, தொண்டையைச் செருமி, ஓலைச் சுவரைப் பார்த்து வாதாடினார். வாசல் வழியாக வராதவர்கள் கூடியது கூட்டமே அல்ல. கூட்டமே அல்லாததில் செய்த நியமனம் நியமனமே அல்ல. ஆகவே தாம் ஒரு நாளும் இந்தச் சபையின் சட்ட ஆலோசகராக இருந்ததில்லை. அதையே சான்றிதழாகக் கொடுத்தால் போதும். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவர் எந்தக் கோர்ட்டிலும் பேசியதில்லை.

உள்ளே கை தட்டல். சான்றிதழ் கொடுக்க வேண்டியதுதான் என்று அப்துல் வஹாப் இருமிக்கொண்டே முன்மொழிந்தார். நிறைவேறிற்று. துளசிராமன் எழுதி, மூத்த சகோதரர் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்கள். ஓலை இடுக்கு வழியாக ஸம்பத்குமார் அதைக் கண்ணால் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் வாசலில் கொடுத்துவிடுவார்கள். இன்றைய தேதியிலும் பொறுப்பில் இல்லை என்று அதில் ஒரு வரி இருந்ததால், முடிந்த பிறகுதான் கொடுக்க முடியுமாம்.

"அடுத்த விஷயம்" என்றார் ஆதிநாராயணன். "இன்னா மூளை பாத்தீங்களா? நம்மள ஒண்ணுமில்லாம ஆக்கிட்டாரு, ஒரே பேச்சுல. இப்பேர்ப்பட்ட ஆள எதிராளி கையில குடுக்கறதா? முறையான கூட்டத்துல, முறையா, ஆயுசு பூராவும் சட்ட ஆலோசகரா ஸம்பத்குமார் சாரை நியமிக்கிறோம்."

ஏகமனதாக நிறைவேறியது.

ஸம்பத்குமார் வாயைத் திறந்தார். சடையப்பனின் பெரிய கை வந்து அந்த வாயைப் பொத்தியது.

"பேசாத சார்" என்றார் சடையப்பன், காதோடு. "முத வேல செய்ஞ்சாத்தான் பொறுப்பேத்துக்கினதா அர்த்தம். கூட்டம் முடியங்காட்டியும் வாய தொறக்காம குந்திக்கினு இரு. நியமனம் தானா உழுந்துடும். காயிதத்த வாங்கிக்கினு போய்க்கினே இரு."

ஸம்பத்குமார் தலையாட்டினார். பனங்கட்டையில் உட்கார்ந்து, இரண்டு உதடுகளையும் பற்களால் கடித்துக்கொண்டார். அவ்வளவு எளிதான காரியம் அவருக்கு ஆயுளில் வந்ததில்லை. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். நாளைக்கு ஆலை, வீடு, அலர்மேல்மங்கையின் முகம்.

உள்ளே மற்ற விஷயங்கள் நடந்தன. பட்டைக்குப் புதுச் சாயம் பற்றிப் பேசினார்கள். ஐராவதி சாட்சியாகச் செய்கிற சத்தியத்தை ஆரணியாறு சாட்சியாகச் செய்யலாமா என்று பேசி, அந்த ஆற்றில் தண்ணீர் இல்லாததால் விட்டுவிட்டார்கள். கடைசியாகக் கொட்டகை நின்ற நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அது புறம்போக்கு. ஆலை கட்டுவதற்காக அளந்துகொண்டு போயிருக்கிறார்கள் என்று ஒருவர் கவலைப்பட்டார்.

"கவலையே படாதீங்க" என்றார் துளசிராமன். "நாம வந்து பத்து வருஷம் ஆச்சு. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டா பன்னெண்டு. பன்னெண்டு வருஷம் அனுபவிச்சா கவர்மென்ட் நெலமும் நம்மளுது. சட்டமே கீது."

ஸம்பத்குமாரின் உடம்பு தூக்கிப்போட்டது. சடையப்பன் அவர் தோளை அழுத்திப் பிடித்தார். "வேணாம் சார்" என்றார்.

உள்ளே எல்லோரும் அந்தச் சட்டத்தைப் புகழ்ந்தார்கள். பன்னிரண்டு வருஷம் என்பது அரசாங்கத்தின் பெருந்தன்மை என்றார் ஒருவர். தன் மைத்துனன்கூட அப்படித்தான் ரயில்வே நிலத்தைப் பிடித்தான் என்றார் இன்னொருவர். அதைத் தீர்மானமாகவே எழுதிவிடலாம் என்றார் ஆதிநாராயணன். ஸம்பத்குமார் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. அவர் கண் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே எழுத்துச் சகோதரர் எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார்: "பன்னிரண்டு வருஷம் அனுபவித்தால், அரசாங்க நிலமானாலும்..."

ஸம்பத்குமார் துண்டைப் பிடுங்கி எறிந்தார்.

"முப்பது வருஷம்!" என்று கத்தினார். "தனியார் நிலத்துக்குத்தான் பன்னெண்டு! அரசாங்கத்துக்கு எதிரா முப்பது வருஷம்!"

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு ஆதிநாராயணனின் குரல் சாந்தமாக வந்தது.

"முதல் கருத்து வழங்கப்பட்டது. எழுதிக்க. சட்ட ஆலோசகர் பொறுப்பேற்றார்."

கை தட்டல் ஓய்ந்த பிறகு, ஒரு காகிதம் நாலாகக் கிழிபடுகிற சத்தமும் கேட்டது. அப்துல் வஹாப் இருமினார். ஆலையில் ஷிஃப்ட் சங்கு ஊதியது.

சடையப்பன் கீழே கிடந்த துண்டை எடுத்துத் தட்டி அவரிடம் கொடுத்தார். "இன்னும் ஒரு நிமிஷம் தாங்கியிருக்கலாமே சார்" என்றார்.

"தப்பா சொன்னாரேய்யா" என்றார் ஸம்பத்குமார்.

சடையப்பன் பனங்கட்டையில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.